வேலைக்குப் போகும் பெண்ணின் மனக்குறையைக் கேட்பது யார்?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



என்னைச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சேமிப்பைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேச இங்கே பத்துப் பேர் இருக்கிறீர்கள். நான் வேறு ஒன்று பேசுகிறேன் என்று தலைவி அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகளுக்கும், நம்ம உறுப்பினர்களுக்கும் வேலை செய்கிற இடத்தில் ஒரு கஷ்டம் வந்தால், மனசு உடைஞ்சு போனால், அதை யாரிடம் சொல்வது, கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நம்ம வேடசந்தூர் பக்கம் எத்தனை நூல் மில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். விடிகாலை அஞ்சு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். பிள்ளைகள் தூக்குச்சட்டியோட ஓடும். ஆறு மணிக்கு ஷிப்ட். நூல் அறுந்தா ஒட்டணும், மெஷினுக்கு மெஷின் நடந்துக்கிட்டே இருக்கணும். பஞ்சு மூக்குல ஏறும். மெஷின் போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவ பேசுறதுகூடக் கேக்காது. வேலை முடிஞ்சு திரும்பி வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? "சாப்பிட்டியா? சம்பளம் எப்ப போடுறாங்க?" இந்த ரெண்டு கேள்விதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்லப் போகிறது எங்கள் குழுவில் நடந்தது. அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பேசுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். மில் பெயரும் சொல்ல மாட்டேன். யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் தயவுசெய்து யாரும் விசாரிக்காதீர்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா வீட்டுக் கூரையை மாற்றக் கடன் வாங்கியிருந்தார். மகளுடைய மில் சம்பளத்தில்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தார். மகளுக்கு இருபது வயது. நான் குழுவுக்கு ஊக்குநர். தவணை வசூல் பண்ணி வங்கிக்குக் கொண்டுபோய்க் கட்டுவதும் நான்தான். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில உக்காந்தாள். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அக்கா, நான் மில்லுக்குப் போகலை. எங்கம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஏம்மா, என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருக்கணும். நான் கேட்கவில்லை. என் தலைக்குள்ள தவணைக் கணக்குதான் ஓடுச்சு. "இன்னும் ஆறு மாசம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துரு. கடன் முடிஞ்சதும் நானே உங்கம்மாகிட்டப் பேசுறேன்" என்று சொன்னேன். சரிக்கா என்று எழுந்து போய்விட்டாள். நல்ல புத்தி சொல்லி அனுப்பியதாக நான் நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவள் வேனில் ஏறினாள், ஆனால் மில்லுக்குள்ளே போகவில்லை. சாயங்காலம் வேனில் திரும்பி வரவில்லை. அம்மாக்காரி அழுதுக்கிட்டே என் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார். ராத்திரி எட்டரை மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், கடைசி பெஞ்சில், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தோம். காலையில் கட்டின சோறு அப்படியே இருந்தது. "எங்க போறதுன்னு தெரியலைக்கா" என்றாள். அந்தப் பிள்ளை வேறு முடிவு எடுத்திருந்தால் நான் இன்றைக்கு இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன். அதை நினைத்தால் இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து கேட்டேன். ஒரு சூப்பர்வைசர் வேலை சொல்கிற சாக்கில் தோளைத் தொட்டுப் பேசியிருக்கிறார். போன் நம்பர் கேட்டிருக்கிறார். தர மாட்டேன் என்றதும் தொடர்ந்து நைட் ஷிப்டாகப் போட்டிருக்கிறார். பாத்ரூம் போய் வர அஞ்சு நிமிஷத்துக்கு மேலே ஆனால் எல்லார் முன்னாலும் ஏச்சு. மூணு மாசமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

"மில்லுல ஆலோசனை ரூம் இருக்குன்னு சொல்வாங்களே, அங்க சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். இருக்கிறதாம். போர்டும் உண்டாம். ஆனால் அந்த ரூம் ஆபீசுக்கு நேர் எதிரே இருக்கிறது. யார் உள்ளே போனாலும் எல்லாருக்கும் தெரியும். அங்கே உட்கார்கிற மேடம்தான் லீவு கணக்கும் பார்க்கிறவர். "லீவு குடுக்கிறவங்ககிட்டயே போய் எப்படிக்கா சொல்றது? அவங்க அந்த சார்கிட்டதானே பேசுவாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்த மேடம் மட்டுமா அப்படி? நான் யார்? நானும் தவணை வாங்குகிறவள்தானே. என்னிடம் அவள் சொன்னபோது நான் தவணைக்காரியாகத்தான் கேட்டேன். அக்காவாகக் கேட்கவில்லை.

வேலை செய்யும் இடத்தில் மனநல ஆலோசனை என்றால் பெரிய படிப்புப் படித்தவர் வந்து பேசுவது என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று வேண்டும். கேட்கிறவர் கையில் நம்ம லீவோ, சம்பளமோ, தவணையோ இருக்கக் கூடாது. இருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். போர்டு தொங்கும், பேப்பரில் கையெழுத்து இருக்கும், ரூம் காலியாக இருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில் 181-க்கு போன் செய்தோம். அது பெண்களுக்கான உதவி எண். எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. எங்கே போக வேண்டும், எப்படி மனு எழுத வேண்டும் என்று வழி சொன்னார்கள். அவளுக்குத் தூக்கம் வராததற்கு 14416-க்குப் பேசினோம். அது டெலி மானஸ். 2022-ல் ஆரம்பித்த அரசாங்க மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். பிறகு திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டினோம். மனநலப் பிரிவு என்றதும் அவள் அம்மா, "எம்மகளுக்கு என்ன பைத்தியமா? நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று அழுதார். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். காய்ச்சல் வந்தால் உடம்புக்குப் பார்க்கிற மாதிரி, பயமும் துக்கமும் அதிகமானால் மனசுக்குப் பார்ப்பது. அவ்வளவுதான். மில்லில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் மனநலத்துக்குப் பார்க்கலாம். நம்ம சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 பைசா அதற்குத்தான் பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 பைசா போடுகிறார். அது நம்ம காசு. பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது மனு. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவி ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியாகச் சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக் கொடுப்பார்கள். எழுதத் தெரியாது என்றால் எழுத உதவி செய்வது அந்தக் குழுவின் கடமை. 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் எழுதிக் கேட்டால் 3 மாதம் வரை லீவு கொடுக்கவோ, அவளையோ அந்த ஆளையோ வேறு இடத்துக்கு மாற்றவோ குழு சிபாரிசு செய்யலாம். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியே சொல்வது சட்டப்படி தப்பு. காசு கொடுத்து சமாதானம் பேசி முடிப்பதற்கும் இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

இந்தச் சட்டம் யாரால் வந்தது தெரியுமா? ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்று ஒரு கிராமத்துப் பெண். நம்ம மாதிரி ஊருக்குள் பெண்களிடம் போய்ப் பேசுகிற அரசாங்கத் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் பெரும் கொடுமைக்கு ஆளானார். வெட்கம் என்று மூடிக்கொள்ளாமல் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்கு நடந்ததை வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால்தான், வேலை செய்கிற இடங்களில் புகார்க் குழு வேண்டும் என்று 1997-ல் தீர்ப்பு வந்தது. அதுதான் பின்னால் சட்டமானது. ஒரு கிராமத்துப் பெண் வாயைத் திறந்ததில் நாட்டுக்கே ஒரு வழி கிடைத்தது. அதை நினைத்துத்தான் நான் தைரியப்படுத்திக்கொண்டு பேனாவை எடுத்தேன். பத்தாவது படித்த எனக்கே கை நடுங்கியது. அவள் சொல்லச் சொல்ல, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். நானாக ஒன்றும் சேர்க்கவில்லை.

லீவில் இருந்தால் சம்பளம் எங்கே, தவணை எங்கே? குழுவைக் கூட்டினோம். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. "இந்த அக்கா வீட்டில் ஒரு கஷ்டம். ரெண்டு மாசத் தவணையை நம்ம உள்கடன் நிதியிலிருந்து கட்டுவோம். பிறகு அவர் சிறுகச் சிறுகக் கட்டட்டும்" என்று கேட்டேன். என்ன கஷ்டம் என்று ரெண்டு பேர் கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது இருக்கிறது. அந்த ரெண்டு மாசம் கிடைத்ததால்தான் அந்தப் பிள்ளை வீட்டில் இருந்து தேற முடிந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட எங்கள் குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

விசாரணை நடந்தது. வெளியிலிருந்து வந்த உறுப்பினர் அம்மா நன்றாகக் கேட்டார். பிள்ளை சொன்னது உண்மை என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஆளுக்குச் சம்பள உயர்வை நிறுத்தி வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவுதானா என்று கத்தினேன். அவள்தான் சொன்னாள்: "நான் சொன்னது நெசம்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டாங்கல்ல அக்கா. அது போதும் எனக்கு." இப்போது பகல் ஷிப்டில் வேலைக்குப் போகிறாள். புதுசாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளிடம் 181-ம் 14416-ம் அவளே சொல்லிக் கொடுக்கிறாள்.

எல்லா மில்லும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லபடியாக நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வைக்க வேண்டும் என்று 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். நம்ம மாவட்டத்திலேயே ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த ஒரு பெண்ணை 2021-ல் நாம் பறிகொடுத்தோம். அவள் குடும்பமும், பெண்கள் முன்னால் நின்று நடத்துகிற தொழிற்சங்கமும் விடாமல் போராடி, 2022-ல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று வெளிநாட்டிலும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதன்படி, வேலை செய்கிற பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, பக்கத்து மெஷின்காரிக்கு என்ன குறை என்று கேட்டுச் சொல்ல வைத்தார்கள். கூட வேலை செய்கிறவளிடம் சொல்வது, ஆபீசில் போய்ச் சொல்வதைவிடச் சுலபம் அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலோசனை எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பாத்ரூம் போக விடாத இடத்தில், சம்பளத்தைப் பிடித்து வைக்கிற இடத்தில், ஒரு பெண்ணை உட்கார வைத்து "மனசைத் தைரியமா வச்சுக்கோம்மா" என்று சொல்வது ஆலோசனை கிடையாது. குறையைத் தீர்க்க வேண்டும். மனசுக்கும் பார்க்க வேண்டும். ரெண்டும் வேண்டும்.

மில்லுக்குப் போகாதவர்களுக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். செங்கல் சூளை, வீட்டு வேலை, கடை வேலை, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் வழி உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடமானாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. அங்கே கொடுக்கலாம்.

இப்போது நம்ம கூட்டமைப்புக்கு என் கோரிக்கைகள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

ஒன்று. ஒவ்வொரு ஊராட்சியிலும் இரண்டு பெண்களை இதற்கென்று தேர்ந்தெடுப்போம். குறை கேட்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அவர்கள் தவணை வசூல் பண்ணுகிறவர்களாக இருக்கக் கூடாது. ஊக்குநரும் வேண்டாம், பிரதிநிதியும் வேண்டாம். என்னையே வைத்துச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்தும் ஆள் வரச் சொல்லிப் பயிற்சி கேட்போம்.

இரண்டு. மருத்துவமோ விசாரணையோ நடக்கும்போது இரண்டு மாதத் தவணைக்குக் குழு கைகொடுக்க வேண்டும். காரணத்தை எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. கூட்டமைப்பில் இதைத் தீர்மானமாகப் போட வேண்டும்.

மூன்று. நம்ம பிள்ளைகள் போகிற மில்லில் புகார்க் குழு உறுப்பினர்கள் பெயர் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஒட்டவில்லை என்றால் கூட்டமைப்பு பெயரில் கடிதம் கொடுப்போம். வெளி உறுப்பினராகப் பெண்களுக்காக வேலை செய்கிற அமைப்பிலிருந்து ஒருவர் வரலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நம்ம கூட்டமைப்பிலிருந்து ஏன் ஒருவர் போகக் கூடாது?

நான்கு. இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. நம்ம குழுக் கூட்டத்தில் ஒரு விஷயம் சொன்னால், அது வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னே தெருக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும். சிரிக்கிறீர்கள், உண்மைதானே? ஒரு பிள்ளை நம்மை நம்பி ஒன்று சொன்னால், அது நம்ம புருஷனுக்குக்கூடத் தெரியக் கூடாது. அவள் சரி என்று சொன்னால்தான் அடுத்தவரிடம் போக வேண்டும்.

எப்படிக் கேட்பது என்றால், முதலில் கேளுங்கள், புத்தி அப்புறம் சொல்லலாம். "நீ ஏன் அங்க போன, நீ ஏன் சிரிச்ச" என்று கேட்காதீர்கள். "எனக்கும்தான் நடந்துச்சு, நான் தாங்கலையா" என்று சொல்லாதீர்கள். "அனுசரிச்சுப் போ" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, உயிரோடு இருந்து என்ன பண்ண என்று யாராவது சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். அவளைத் தனியே விடாமல் கூடவே இருந்து உடனே 14416-க்கோ 104-க்கோ போன் போடுங்கள். அவளுக்குத் தைரியம் வரும் வரைக்கும் நாமே பேசலாம்.

நம்ம கூட்டமைப்பில் கடன் திரும்பி வருவதில் நமக்கு நல்ல பெயர். வங்கி சாரே சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தத் தவணைக்குப் பின்னால் எந்தப் பிள்ளை எந்த ஷிப்டில் நிற்கிறாள், அவள் எப்படி இருக்கிறாள் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வேனிலிருந்து இறங்குகிற பிள்ளையிடம் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "அங்க எல்லாரும் உன்னை நல்லபடியா நடத்துறாங்களா?" என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டாள். மறுநாளும் கேளுங்கள்.